கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு வரி

டிசம்பர் கடைசியில் இங்கே நீலகிரியில் உறைபனி விழ ஆரம்பிக்கும். விடியும்போது பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் தாழ்வான இடத்துத் தேயிலைச் செடிகள் கருகி நிற்கும். கொழுந்து வரத்து குறைந்துவிடும். ராத்திரியும் பகலும் ஓடிய ஃபேக்டரி ஒரு ஷிப்டுக்கு வந்துவிடும், சில நாள் அதுவும் ஓடாது. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடுறோம்" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். அதற்கு அடுத்த பேச்சு, "ஆஃபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு கணக்க முடிச்சுக்கோங்க."

குன்னூரில் ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், சாதிச் சான்று என்று மனு எழுத வருகிறவர்களோடு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களும் வருவார்கள். பெரும்பாலும் பி.எஃப் பணம் எடுக்க வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், பாஸ்புக், ஃபேக்டரியில் கொடுத்த ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது படிப்பேன். படித்துப் படித்துத்தான் இந்தச் சட்டங்களைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டேன். என் அப்பாவும் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் முன்னால் நின்றவர்தான் என்பதால் இது எனக்குச் சும்மா ஒரு விஷயமாக இருக்கவில்லை.

அந்தக் காகிதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அரைப்பக்கம். "நான் என் சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய அனைத்துத் தொகைகளையும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கும் நிர்வாகத்துக்கும் எந்தப் பாக்கியும் இல்லை." கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. தொகை ஒரே ஒரு எண்ணாக, எழுத்தாலும் எண்ணாலும். சிலதில் தேதி போடும் இடம் காலியாகவே இருக்கும்.

சொந்தக் காரணம் என்று எழுதியிருக்கும் அந்த மனிதருக்குச் சொந்தக் காரணம் எதுவும் இருக்காது. கொழுந்து இல்லை, ஆள் அதிகம், போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் பெயர் ஆட்குறைப்பு. தொழிலாளி செய்த தப்புக்குத் தண்டனையாக இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி வேலையை விட்டு நிறுத்தினாலும் அது ஆட்குறைப்பு என்று 1947ஆம் வருடத்துத் தொழிற்தகராறு சட்டம் விளக்கம் கொடுத்தது. தானாக விலகிப் போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றும் அதே விளக்கம் சொல்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற இரண்டு சொல்லை எழுதி வாங்குவது ஏன் என்று இப்போது புரியும். அந்த இரண்டு சொல்லோடு நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் கையை விட்டுப் போகின்றன.

நான் சொல்ல வருவது இதுதான். வேலையை விட்டு நிறுத்தும்போது உங்களுக்கு வர வேண்டியது ஒரு தொகை இல்லை, நாலு தொகை. நோட்டீஸ் சம்பளம் ஒன்று, ஆட்குறைப்பு இழப்பீடு ஒன்று, எடுக்காத லீவுக்கான சம்பளம் ஒன்று, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை ஒன்று. நாலும் வேறு வேறு சட்ட வரியில் வருகிறவை. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. மொத்தமாக ஒரு எண்ணைச் சொல்லி நீட்டினால், நாலையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளின் பெயரும் ஃபேக்டரியும் வேண்டாம், எண்களையும் சுலபமாக்கி வைக்கிறேன். மாதச் சம்பளம் 13,000 ரூபாய். சர்வீஸ் 11 வருடம் 8 மாதம். டிசம்பர் கடைசியில் நிறுத்துகிறார்கள்.

நோட்டீஸ் சம்பளம் ஒரு மாதம், 13,000. இழப்பீடு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சத்தையும் ஒரு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் இவருக்கு 12 வருடம். மாதச் சம்பளக்காரருக்கு 15 நாள் என்றால் அரை மாதச் சம்பளம், 6,500. பன்னிரண்டால் பெருக்கினால் 78,000. கிராஜுவிட்டிக்குக் கணக்கு வேறு. அங்கே மாதத்தை 26 நாளாக வைத்துத்தான் வகுக்க வேண்டும். 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500, பன்னிரண்டு வருடத்துக்கு 90,000. எடுக்காத லீவு 18 நாள், நாளுக்கு 500 ரூபாய் வைத்தால் 9,000. எல்லாம் சேர்த்து 1,90,000 ரூபாய். வேலை செய்த நாட்களுக்கான சம்பளமும் அந்த வருட போனஸும் இதற்கு மேல்.

இந்த ஆளுக்கு "அறுபதாயிரம் தர்றோம், நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொன்னால், கையில் அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்திராதவருக்கு அது பெரிய தொகையாகத்தான் தெரியும். வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால் கிராஜுவிட்டி ஒன்றுக்கே அது போதாது.

இன்னொன்றும் நடக்கும். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்ட பி.எஃப் பணத்தையும் அதில் சேர்த்துச் சொல்வார்கள். பி.எஃப் உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததும், அவர்கள் பங்காகக் கட்டியதும். அது ஏற்கனவே உங்கள் பெயரில் இருக்கும் பணம். அதை எடுத்துக் கொடுப்பதை யாரும் தருவதாகச் சொல்லக் கூடாது.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு முன்பே, காரணத்தைச் சொல்லி, எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். மேலே சொன்ன 1947ஆம் வருடத்துச் சட்டத்தில் இது 25எஃப் பிரிவு. "போன மாசமே மேனேஜர் சொன்னாரே" என்பது நோட்டீஸ் ஆகாது. சூப்பர்வைசர் ஷிப்ட் மாறும்போது வாயால் சொன்னதும் நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸும் இழப்பீடும் கொடுப்பது நீக்கத்துக்கு முன்நிபந்தனை. நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது செல்லாது. 1960இல் பம்பாயில் ஒரு அரசு மருத்துவமனையின் வார்டு வேலையாட்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இழப்பீடு கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுகிற ஒரு விஷயம் ஆள் எண்ணிக்கை. "நம்மளது சின்ன ஃபேக்டரி, முப்பது பேருதான், இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்று சொல்வார்கள். வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தரும் லே-ஆஃப் விதிக்குத்தான் ஐம்பது பேர் என்ற வரம்பு இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸுக்கும் 15 நாள் இழப்பீட்டுக்கும் அந்த வரம்பு கிடையாது. முப்பது பேர் இருந்தாலும் உண்டு, பத்துப் பேர் இருந்தாலும் உண்டு. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகள் நிறைந்த இந்த ஜில்லாவில் இதைவிட முக்கியமான வரி வேறு இல்லை என்பேன்.

ஒரு வருடம் தொடர்ந்து வேலை என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 365 நாளும் போயிருக்க வேண்டியதில்லை. நிறுத்தும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களையும் அந்த 240இல் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, அவற்றோடு ஐந்து பண்டிகை நாள் என வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அவையும் கணக்கில் வரும். முழுச் சம்பளத்தோடு எடுத்த லீவும், லே-ஆஃப் கொடுத்த நாட்களும், பிரசவ லீவும் வரும். "உங்களுக்கு 200 நாள்தான் இருக்கு" என்று சொன்னால் எதையெல்லாம் எண்ணவில்லை என்று கேளுங்கள்.

லீவுச் சம்பளத்துக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு அண்ணாவின் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல லீவு சம்பளம் எங்கண்ணா?" என்று கேட்டேன். "லீவு போட்டாத்தானே சம்பளம் புடிப்பாங்க. போடாததுக்கு எதுக்குக் கண்ணு தனியா தரணும்?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் வீட்டு அக்கா, "லீவே போடாம போனாரு, மழையிலயும் போனாரு, காய்ச்சல்லயும் போனாரு" என்றார். அவர் போகாமல் விட்ட லீவுதான் பணம். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. ஃபேக்டரிக்கு 1948ஆம் வருடச் சட்டமும் எஸ்டேட்டுக்கு 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதே விகிதத்தைத்தான் வைத்தன. எடுக்காமல் விட்டதை 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அப்படிச் சேர்ந்தது இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தினால், அத்தனை நாளுக்கும் சம்பளமாகக் கொடுக்க வேண்டும். அதுவும் நிறுத்திய நாளிலிருந்து இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வருடம் வேலை செய்ததற்கான லீவு அடுத்த வருடம்தான் கணக்கில் ஏறும் என்பது ஃபேக்டரி வழக்கம். அதனால் டிசம்பர் கடைசியில் நிறுத்திவிட்டு, "உங்க லீவு ஜனவரியிலதான் விழும், அதுக்குள்ள நீங்க போறீங்க, அதனால இல்ல" என்பார்கள். அது தவறு. நிறுத்தப்பட்டவருக்கு அந்த வருடம் வேலை செய்த நாட்களுக்கும் இருபதுக்கு ஒன்று வீதம் கணக்குப் போட்டுத்தான் தர வேண்டும். வருடத்துக்கு இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்சம் எட்டாமல் இருந்தாலும் தர வேண்டும். மேலே போட்ட கணக்கில் 18 நாள் என்று எழுதினேனே, அது எப்படி வந்தது என்றால், முந்தைய வருட மிச்சம் 5 நாள், இந்த வருடம் வேலை செய்த 260 நாளுக்கு 13 நாள்.

இன்னொரு பொறி நோட்டீஸையும் லீவையும் ஒன்றாகக் கட்டுவது. "உங்களுக்கு 18 நாள் லீவு இருக்கு, அதை எடுத்துக்கிட்டு வீட்ல இருங்க, நோட்டீஸ் மாசம் அதுல கழிஞ்சிரும்." கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு வரி எழுதி வைத்தார்கள்: எடுக்காத லீவை நோட்டீஸ் காலக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோட்டீஸ் ஒரு மாதம் ஒரு கடன், லீவு வேறு கடன். ஒரே கடைக்காரரிடம் பால் பாக்கியும் மளிகைப் பாக்கியும் இருந்தால், பால் பாக்கியைக் கொடுத்துவிட்டு மளிகைப் பாக்கியும் தீர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

லீவுக் கணக்கைக் காட்ட அவர்களிடம் பதிவேடு இருக்கும். உங்களிடம் என்ன இருக்கிறது? சம்பளச் சீட்டு கொடுத்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கொடுக்காவிட்டால் வருகிற காலண்டரில் வேலைக்குப் போன நாளை ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் என்று வந்தால் 240 நாள் வேலை செய்தேன் என்று முதலில் சொல்ல வேண்டியது தொழிலாளிதான். சம்பளம் பாங்கில் ஏறியிருந்தால் பாஸ்புக் பதிவு பெரிய துணை. அடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய பாஸ்புக்கை அடுப்புப் பற்ற வைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

"தேயிலை விலை விழுந்துருச்சு, நாங்களே நஷ்டத்துல இருக்கோம்" என்பது இந்த மலையில் எல்லாரும் நம்பக்கூடிய காரணம். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் அதற்குப் பிறகு பட்ட பாடும் படுகர் ஊர்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் யாருக்கும் மறக்கவில்லை. விலை விழுந்தால் முதலாளிக்கும் கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபேக்டரியையே மூடினாலும் ஆட்குறைப்புக்கு உரிய நோட்டீஸும் இழப்பீடும் உண்டு. தவிர்க்கவே முடியாத காரணத்தால் மூடினால் மட்டும் இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எது தவிர்க்க முடியாத காரணம் இல்லை என்றும் சட்டமே எழுதியிருக்கிறது. பண நெருக்கடி, நஷ்டம், விற்காத சரக்குத் தேக்கம், லீஸ் முடிந்தது, இவை மட்டுமே காரணம் என்றால் அந்தச் சலுகை கிடையாது. விலை விழுந்ததைச் சொல்லி உங்கள் பன்னிரண்டு வருடத்தை மூன்று மாதமாக்க முடியாது.

லீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே ஃபேக்டரிகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் லீசுக்கு எடுத்து நடத்துவார், மூன்று வருடத்தில் வேறொருவர் வருவார். புதிதாக வந்தவர், "பழைய சர்வீஸ் எனக்குத் தெரியாது" என்பார். பழையவர், "இப்ப ஃபேக்டரி என்னுது இல்ல" என்பார். நடுவில் இருபது வருடம் அதே ட்ரையர் முன்னால் நின்றவரின் சர்வீஸ் காணாமல் போகும். சட்டம் இரண்டில் ஒன்று என்கிறது. புதியவர் பழைய சர்வீஸை விட்டுப்போகாமல், சம்பளமும் சலுகையும் குறையாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், பிற்பாடு நிறுத்தினால் பழைய வருடங்களுக்கும் சேர்த்து இழப்பீடு தர வேண்டும். அப்படி இல்லாவிட்டால் கை மாறும்போதே பழையவர் ஆட்குறைப்புக்கு உரியதைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். ஃபேக்டரி கை மாறும் பேச்சு காதில் விழுந்தாலே, உங்கள் சர்வீஸ் தொடர்கிறது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசுக் கம்பெனியால் இந்த ஜில்லாவில் எல்லாருக்கும் வி.ஆர்.எஸ், அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், என்ற பெயர் பழக்கம். அதனால் எதைக் கொடுத்து அனுப்பினாலும் "வி.ஆர்.எஸ் கொடுத்தாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அங்கே கொடுத்தது அரசு அறிவித்த திட்டம், யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் இருந்தது. ஒரு திட்டமும் இல்லாமல் அரைப்பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினால் அது வெறும் ராஜினாமாதான். அதற்கு வி.ஆர்.எஸ் என்று பெயர் வைப்பதால் கூடுதலாக ஒரு ரூபாயும் வராது.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மேலே சொன்ன பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. "பழைய சட்டமெல்லாம் போயிருச்சு" என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. ஒரு மாத நோட்டீஸ் அப்படியே இருக்கிறது, வருடத்துக்கு 15 நாள் இழப்பீடும் இருக்கிறது. லீவு இருபதுக்கு ஒன்றுதான், ஆனால் அந்த லீவு கிடைக்க வருடத்துக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. சீசன் பார்த்து வேலை கிடைக்கிற நம் ஊருக்கு இது நல்ல மாற்றம். நிறுத்தினாலும் ராஜினாமா செய்தாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் முடிக்க வேண்டும். ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 15 நாள் சம்பளம், புதுத் தொழில் கற்றுக்கொள்வதற்கான நிதியிலிருந்து 45 நாளுக்குள் அவர் கணக்கில் ஏற வேண்டும். "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தவருக்கு அதுவும் கிடையாது.

மோசமான மாற்றமும் உண்டு. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஃபேக்டரியிலும் எஸ்டேட்டிலும் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். நோட்டீஸும் மூன்று மாதம். அந்த எண்ணை இப்போது 300 ஆக்கிவிட்டார்கள். நூறுக்கும் முந்நூறுக்கும் நடுவில் ஆள் வைத்திருக்கும் எஸ்டேட்டுகளின் தொழிலாளிகளுக்கு இருந்த பெரிய காவல் போய்விட்டது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. எஸ்டேட்டில் வேலை போனால் லைன் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும். சிலோனிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்னும் அந்த லைன் வீடுகளில் இருக்கிறது. அவர்களை அனுப்ப மூன்று மாதமும் ஒரு அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்தது அதிகம் ஒன்றும் இல்லை.

ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இங்கே கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்களிடம் வாங்கும் ராஜினாமாக் கடிதம் தமிழில் இருக்கிறது. ஒரு எழுத்தும் தெரியாத மொழியில் "என் சொந்தக் காரணங்களுக்காக" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து லைனில் இருக்கிறவர்கள், அவர்களோடு வேலை செய்கிறவர்கள், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சரி, ஆஃபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், காகிதம் மேசை மேல் இருக்கிறது. என்ன செய்வது? "வீட்ல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று சொல்லி ஒரு நகல் கேளுங்கள். நகல் தர மாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாமல் வாருங்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். பணம் கொடுத்தே தீருவோம் என்றால், "இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன். மீதிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுப்பதில் தப்பில்லை. ராஜினாமா என்று எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏற்கனவே போட்டுவிட்டால்? நாள் கடத்தாதீர்கள். "என்னைக் கட்டாயப்படுத்தி வாங்கிய கடிதம், நான் விலகவில்லை, நிறுத்தப்பட்டேன்" என்று நிர்வாகத்துக்கு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகலோடு குன்னூரில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். ராஜினாமா செய்தவருக்கும் கிராஜுவிட்டியும் லீவுச் சம்பளமும் உண்டு, அவற்றை அந்தக் கடிதம் தொட முடியாது. ஐந்து வருட சர்வீஸ் இருந்தால் கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு.

மனுவில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள். 45 நாளில் தீராவிட்டால் தனி ஆளாகவே வழக்குக்குப் போகலாம், சங்கம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வழக்கு நடக்கும் இடம் கோயம்புத்தூர். குன்னூரிலிருந்து பர்லியாறு இறங்கி மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் வக்கீல் பீஸுக்குப் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை. 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வக்கீல் பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் தொழிலாளியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அதே பட்டியலில் உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஆட்குறைப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதற்குப் பணத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. பனி போய், மழை பெய்து, ஏப்ரல் மே மாதத்தில் கொழுந்து மறுபடி குவியும். ஃபேக்டரிக்கு ஆள் வேண்டும். அப்போது புது ஆளை எடுப்பதற்கு முன், ஆட்குறைப்பில் போனவரைக் கூப்பிட்டு அவருக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புதுத் தொகுப்பில் அதற்கு ஒரு வருடக் கெடு வைத்திருக்கிறார்கள். சொந்தக் காரணத்துக்காக விலகியவருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. டிசம்பரில் நிறுத்தப்பட்டவர்கள் மார்ச் முடிவதற்குள், தங்களைத் திரும்ப எடுக்கும்படி ஒரு கடிதம் எழுதி ஃபேக்டரிக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும்.